க்ரீமை விட்டால் முகம் எரிகிறது; லேசர் செய்துகொள்ளலாமா?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 36. இரண்டாவது பிரசவத்தின்போது இரு கன்னங்களிலும் மேலுதட்டிலும் மங்கு என்ற பழுப்புத் திட்டு வந்திருக்கிறது. குழந்தைக்கு இப்போது 4 வயது, மங்கு போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஒரு க்ரீமின் பெயரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்தது. தினமும் இரவில் பூசினார். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனதாம், "என்ன போடுகிறாய்?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து நிறுத்திப் பார்த்தார். நான்காம் நாள் முகம் சிவந்து, எரிந்து, பொரிப் பொரியாக வந்துவிட்டது. திரும்பப் பூசியதும் ஒரே இரவில் அடங்கியது. அதிலிருந்து நிறுத்தவே பயம்.

இப்போது கன்னத்தில் சிவப்பு நூல் போன்ற கோடுகள், தாடையில் பூனைமுடி, வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டிகள். அடுப்பு முன்னால் நின்றாலே முகம் தகிக்கிறது. மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. அழகு சிகிச்சை மையம் ஒன்றில் ஆறு முறை லேசர், கூடவே வெண்மைக்கு ட்ரிப் என்று பேசி முன்பணமும் கட்டிவிட்டார். முதல் சிட்டிங் அடுத்த வாரம். க்ரீமைத் தொடர்ந்துகொண்டே லேசர் செய்யலாமா, மங்கு நிரந்தரமாகப் போகுமா என்பவை கேள்விகள். கடைசிப் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார், கழுத்துக் கருமையை நார் போட்டுத் தேய்க்கிறார், 13 வயது மகள் பருவுக்காக அதே ட்யூபை இரண்டு வாரமாகப் பூசுகிறாள்.

உங்களுக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த வார லேசரைத் தள்ளிப்போடுங்கள். இன்றைக்கு உங்கள் முகத்தில் இருப்பவை இரண்டு நோய்கள். ஒன்று மங்கு. மற்றொன்று அந்த க்ரீம் உண்டாக்கியது. உங்களைப் பாடாய்ப் படுத்துவது இரண்டாவதுதான்.

ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது?

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ட்யூபின் வாலை மடித்து பேட்ச் எண் அச்சடித்திருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாய்ன், மோமெடாசோன். முதலாவது நிறமி உருவாவதைத் தடுக்கிறது. இரண்டாவது மேல்தோல் உதிர்ந்து புதிதாவதை வேகப்படுத்துகிறது. மூன்றாவது ஸ்டீராய்டு.

இந்தக் கூட்டணி நேற்று வந்ததல்ல. க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் 1975இல் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாய்ன், டெக்ஸாமெத்தசோன் மூன்றையும் கலந்து ஒரு வாய்ப்பாட்டை வெளியிட்டார்கள். அதன் வாரிசாக, ஃப்ளூசினோலோன் என்ற மென்மையான ஸ்டீராய்டு சேர்த்த க்ரீமுக்கு 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. எவ்வளவு காலத்துக்கு? அதிகபட்சம் எட்டு வாரம். நீங்கள் பூசியது அதைவிட வீரியமான ஸ்டீராய்டு உள்ளது, அதுவும் நூறு வாரத்துக்கு மேல். மருந்து கெட்டதில்லை. நானும் மங்குக்கு இந்த வகையை எழுதித் தருகிறேன், தேதி போட்டு, நிறுத்தும் நாளையும் சேர்த்து. அந்தத் தேதியைச் சொல்ல உங்களுக்கு ஆள் இல்லாமல் போனதுதான் குறை. எனவே உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் பயன்படும் ஒரு குறிப்பு: முகத்துக்கு வாங்கும் எந்த க்ரீமிலும் "சோன்", "சோல்", "லோன்" என்று முடியும் பெயர் இருந்தால், உதாரணமாக பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளூசினோலோன், அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. இந்த விதிக்கு விலக்கு உண்டு. கீட்டோகோனசோல் பூஞ்சை மருந்து. சந்தேகம் வந்தால் மருந்தாளுநரிடம் நேராகவே "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். பெயரே அச்சடிக்காத வெள்ளை டப்பா க்ரீம்கள் இன்னும் மோசம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகம் வரை போய்க் கெடுக்கும்.

நிறுத்தினால் எரிகிறது என்றால், ஒத்துப்போகிறது என்று அர்த்தமா?

"க்ரீம் போட்டால் நன்றாக இருக்கிறது, விட்டால்தான் வருகிறது. அப்படியானால் என் தோலுக்கு அது தேவைப்படுகிறது என்றுதானே அர்த்தம்?" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை வாரத்துக்கு நான்கு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றுகிற கணக்குதான், ஆனால் விடை தலைகீழ்.

ஸ்டீராய்டு பூசியதும் தோலின் நுண் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்த ஓட்டம் குறைவதால் முகம் வெளுத்தாற்போல் தெரியும். முதல் மூன்று வாரப் "பளிச்"சில் பெரும்பங்கு இதுதான். மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலியும், குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் இழைகள் தளரும். க்ரீமை விட்டதும் இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த குழாய்கள் மொத்தமாக விரிகின்றன. அடக்கி வைத்திருந்த அழற்சியும் சேர்ந்து கிளம்புகிறது. அதுதான் நான்காம் நாள் சிவப்பும் எரிச்சலும். திரும்பப் பூசினால் குழாய் மறுபடி சுருங்கி, அடங்கினாற்போல் இருக்கும். குடிப்பழக்கம் உள்ளவருக்குக் காலையில் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு குடித்ததும் நிற்கிறது. அதனால் மது அவருக்கு மருந்தாகிவிடுமா?

கன்னத்து நூல் கோடுகள் நிரந்தரமாக விரிந்துபோன குழாய்கள். பூனைமுடியும், வாயைச் சுற்றிய கட்டிகளும் இதே ஸ்டீராய்டின் வேலை. மங்கு அதிகமானதாகத் தோன்றுவதற்கும் இதில் பங்குண்டு. மருத்துவமனையில் கன்னத்தின் மேல் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திப் பார்ப்போம். அழுத்தியதும் சிவப்பு மறைந்துவிடும், பழுப்பு மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடியில் காட்டினால் பலர், "இவ்வளவுதானா மங்கு!" என்பார்கள். உங்கள் விஷயத்தில் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பழுப்பு என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹைட்ரோகுவினோனை மிக நீண்ட காலம் பூசியவர்களில் சிலருக்கு நீலம் கலந்த கறுப்புப் படிவு வரும், ஆக்ரோனோசிஸ் என்போம். மங்கு கறுக்கிறதே என்று அதே க்ரீமை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பூசினால் அது மேலும் கறுக்கும்.

எப்படி நிறுத்துவது?

தோல் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள். சிலருக்கு ஒரேயடியாக நிறுத்தச் சொல்வோம். சிலருக்கு வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோனுக்கு மாற்றி, தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்குவோம். இரண்டு வருடப் பழக்கம் என்பதால் உங்களுக்கு இரண்டாவது வழியே தோதாக இருக்கும் என்பது என் எண்ணம். ஸ்டீராய்டு இல்லாமலே அழற்சியைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் அல்லது பிமெக்ரோலிமஸ் பூச்சு கைகொடுக்கும். டாக்ரோலிமஸ் பூசிய முதல் சில நாள் அதுவே சுள்ளென்று எரியும்; பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாயைச் சுற்றியுள்ள கட்டிகளுக்குச் சில வாரம் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை தேவைப்படலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் வாசனையில்லாத மென்மையான க்ளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், இவ்வளவே போதும். சீரம், ஸ்க்ரப், ஃபேஷியல், ப்ளீச், எலுமிச்சை எதுவும் வேண்டாம். எரியும்போது குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்கட்டியை நேராக வைக்காதீர்கள். முழுதாக அடங்கச் சில மாதம் ஆகலாம், நடுநடுவே ஏறி இறங்கும். ஏறும் நாளில் பழைய ட்யூப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கை தானாகப் போகும். மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்ததும் குப்பையில் போட்டுவிடுங்கள். கண் இமை வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கள். க்ரீமை கண்ணுக்கு அருகிலும் பூசியிருந்தால் கண் அழுத்தத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

லேசர் ஏன் இப்போது வேண்டாம்?

லேசர்மேல் எனக்குப் பகை இல்லை. பச்சை குத்தியதை அழிக்கவும், பிறவியிலிருந்தே உள்ள சில நீல மச்சங்களுக்கும் அதை அடித்துக்கொள்ள வேறு சிகிச்சை இல்லை. உங்கள் கன்னத்து ரத்தக்குழாய் கோடுகளுக்கே பின்னால் ஒரு லேசர் தேவைப்படலாம், அது வேறு வகை. மங்கின் சங்கதி வேறு. அங்கே நிறமிச் செல்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. லேசர் ஏற்கெனவே சேர்ந்துள்ள நிறமியைச் சிதறடிக்கும், உற்பத்தியை நிறுத்தாது. போதாததற்கு மங்கு உள்ள தோலுக்கு வெப்பம் ஆகாது. அதனால்தான் லேசர் செய்த இரண்டு மூன்று மாதத்தில் மங்கு திரும்பி வருவதும், சிலருக்கு முன்னிலும் கறுப்பாக வருவதும் நடக்கிறது.

நம் மாநிறத் தோலுக்குப் பொதுவாகப் பயன்படுத்துவது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் லேசர். குறைந்த சக்தியில் திரும்பத் திரும்ப அடிப்பதை "டோனிங்" என்கிறார்கள். சரியான கையில் ஓரளவு பலன் தரும். அளவு மீறினால் அரிசி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் விழும். அவற்றைச் சரிசெய்வது மங்கைச் சரிசெய்வதைவிடக் கடினம். ஸ்டீராய்டால் மெலிந்து, சிவந்து, எரிந்துகொண்டிருக்கும் முகத்தில் எந்த லேசரையும் அடிப்பது புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். அமிலம் பூசித் தோலை உரிக்கும் கெமிக்கல் பீலுக்கும் இதே பதில். க்ரீமைத் தொடர்ந்துகொண்டே செய்யலாமா என்று கேட்டீர்கள்; கூடவே கூடாது.

ட்ரிப் விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அது குளூட்டாதயோன். நம் உடலே தயாரித்துக்கொள்ளும் பொருள் என்பதால் பாதிப்பில்லை என்று சொல்லி விற்கிறார்கள். தோல் வெண்மைக்காக அதை நரம்பில் ஏற்றுவது பாதுகாப்பானது என்று காட்டும் உறுதியான ஆதாரம் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே இதற்கு எதிராக எச்சரிக்கை வெளியிட்டது. கடுமையான தோல் ஒவ்வாமை, சிறுநீரக, தைராய்டு பாதிப்புகளை அதில் குறிப்பிட்டிருந்தது. வேண்டவே வேண்டாம்.

கட்டிய பணம்

"பணம் கட்டியாச்சே" என்ற ஒரு வரியில்தான் கடிதத்தின் முழுச் சங்கடமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், சிகிச்சை தொடங்குகிற நொடி வரை வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்து, "ஸ்டீராய்டு பாதிப்பு உள்ளது, தற்போது லேசர் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டின் நகலை இணைத்து, சிகிச்சையை நிறுத்தி வைக்குமாறும் பணத்தைத் திருப்பித் தருமாறும் மையத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகப் பேசி வராதீர்கள். ரசீதும் விளம்பரத் தாளும் பத்திரம். முழுப் பணமும் திரும்ப வருமா என்பது ரசீதின் பின்பக்க நிபந்தனைகளையும் உங்கள் பகுதி நுகர்வோர் சட்டத்தையும் பொறுத்தது. வராமலே போனாலும், கட்டிய பணத்துக்காக முகத்தைக் கொடுக்கக் கூடாது.

பின்னொரு நாளில் எங்கே லேசர் செய்வதானாலும் இவற்றைக் கேளுங்கள்: கருவி எது? இயக்கப்போவது மருத்துவரா, பயிற்சி பெற்ற உதவியாளரா? முதலில் காதோரம் ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா? ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்? உங்களிடம், "முகத்தில் என்ன க்ரீம் பூசுகிறீர்கள்?" என்று அந்த மையத்தில் யாருமே கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை முதலில் எழுதிவிட முடிவுசெய்தேன்.

மங்குக்கு அப்புறம் என்ன?

நிரந்தரமாகப் போகுமா என்றால், அப்படி வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். ரத்த அழுத்தத்தைப் போல மங்கும் கட்டுக்குள் வைத்திருக்கும் சமாச்சாரம். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்குத் தானாக மங்கிவிடும். நான்கு வருடம் நின்றுவிட்டது, இனி தானாகப் போகும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நன்றாக மங்கச் செய்யலாம், திரும்ப வராமல் காக்கலாம்.

முதல் மருந்து சன்ஸ்கிரீன்தான். எஸ்.பி.எஃப் 30 என்பது யு.வி.பி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும் 50 என்பது சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். ஆகவே எண்ணைவிட அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு "எனக்குச் சன்ஸ்கிரீன் வேலை செய்யவில்லை" என்பவர்கள் ஏராளம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மங்கை வெறும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகையை வாங்குங்கள். திட்டுகளையும் கொஞ்சம் மறைக்கும். இப்போதைய எரிச்சல் தணியும் வரை துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் சுள்ளென்று இருக்காது. ஜன்னல் கண்ணாடி யு.வி.ஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரைப் பெருமளவு உள்ளே விடும், ஜன்னலோர இருக்கை என்றால் அலுவலகத்திலும் பூச வேண்டும். செல்போன் திரையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சூரிய வெளிச்சத்துக்கு முன் அது அற்பம், விட்டுவிடுங்கள்.

சிவப்பு அடங்கிய பிறகு நான் முதலில் யோசிப்பது அசெலாயிக் அமிலம், 15 அல்லது 20 சதவீதம். நிறமியையும் குறைக்கும், அந்தக் கட்டிகளுக்கும் நல்லது. வேகமாக வேலை செய்யாது, மூன்று நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். உங்களை மயக்கியது மூன்று வார வேகம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டிரானெக்சாமிக் அமில மாத்திரை மங்குக்கு நன்றாகக் கேட்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அது ரத்தம் உறைவதற்குச் சாதகமான மருந்து, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் அப்படியே. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் கருத்தடை மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள். அந்த மாத்திரையே மங்கைத் தூண்டிக்கொண்டும் இருக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் இல்லாத வேறு வழி உண்டா என்று கேளுங்கள். காப்பர்-டி ஒரு வழி.

கழுத்தும் மகளும்

கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல. வெல்வெட் துணிபோல் தடித்து, மடிப்புகளில் கறுப்பாக இருக்கிறது என்று நீங்களே வர்ணித்திருக்கிறீர்கள். அது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். நாரைத் தூக்கி வைத்துவிட்டு, வெறும் வயிற்றில் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்துவிடுங்கள். எடை கூடியிருந்தால் அதைக் குறைக்கும்போது கழுத்தும் கூடவே தெளியும். முகத்து மங்கைவிட எனக்கு இந்தப் பரிசோதனைதான் முக்கியமாகப் படுகிறது.

மகள் இன்றே நிறுத்தட்டும். இரண்டு வாரம்தான் என்பதால் உங்களுக்கு வந்தது போன்ற எரிச்சல் வரும் வாய்ப்பு குறைவு. ஸ்டீராய்டு பருவை முதலில் அமுக்கிவிட்டு, பிறகு ஒரே சீராகப் பொரிப் பொரியாகக் கிளப்பிவிடும். அந்த வயதுப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் என்று பாதுகாப்பான பூச்சுகள் இருக்கின்றன. உங்கள் சந்திப்புக்கு அவளையும் அழைத்துப் போங்கள். அவள் முன்னால் "கறுத்துப் போனாய்" என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா என்றும் கவனியுங்கள். 13 வயதில் அம்மாவின் ட்யூபைத் தேடி எடுப்பதற்குப் பரு மட்டுமே காரணமாக இருக்காது.

போகும்போது அந்த க்ரீம் ட்யூப், மாத்திரை அட்டை, தலைக்குச் சாயம் பூசினால் அதன் பெட்டி, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு புகைப்படம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முகத்தில் எதையும் பூசாமல் போங்கள். பூசிக்கொண்டு போனால் கழுவிவிட்டு வரச் சொல்வார்கள், அப்புறம் கழுவிய சிவப்பு அடங்க அரைமணி நேரம் வெளியே உட்கார வேண்டியிருக்கும்.